பதினெட்டரை அடி வாசல்

(வாசகர் வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் என்னை வாசலிலேயே மடக்கினார். "பதினெட்டரை அடி வாசலா? எந்த வாஸ்துவிலும் இப்படி ஒரு கணக்கு வராதே சார்!" என்றார். வாஸ்து இல்லை ஐயா. இது கதவில்லாத வாசல். இரண்டு பக்கமும் கம்பம், பத்தடி உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி. அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தின் இரண்டு கோடியிலும் நிற்கிறது. அந்தக் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்புவதற்கென்றே ஒவ்வோர் அணியும் ஓர் ஆளை வைத்திருக்கிறது. கிக்கர் என்று பெயர். அந்த கிக்கர் தடுமாறினால் என்ன செய்கிறார்கள், ஆளை மாற்றினால் என்ன ஆகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்த வயதில் இவருக்கு எதற்கு இந்த வேலை என்று சிலர் நினைக்கலாம். காரணம் என் பேரன். 2018 கடைசியில் சிகாகோவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். குளிர்காலத்தில் போய் மாட்டிக்கொண்டவனுக்கு வெளியே நடக்க வழியில்லை. உள்ளே டிவி, டிவிக்கு முன்னால் ஒன்பது வயதுப் பேரன். முப்பத்து நான்கு வருடம் தணிக்கைத் துறையில் பேரேடுகளைப் புரட்டிய எனக்கு, இந்த ஆட்டத்தின் கணக்கை அவன்தான் கற்றுக்கொடுத்தான்.

பெயர்தான் ஃபுட்பால். ஆட்டம் பெரும்பாலும் கையால்தான். பந்தை எறிகிறார்கள், பிடிக்கிறார்கள், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்துத் தள்ளுகிறார்கள். எல்லை தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தால் டச் டவுன், 6 புள்ளி. அதுவரை போக முடியாவிட்டால் கிக்கரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. ஓர் அணியில் 53 பேர். அதில் காலை நம்பிப் பிழைப்பவர்கள் கிக்கரும், எதிரணிக்குப் பந்தைத் தூர உதைத்துத் தள்ளும் இன்னொருவரும்தான். மற்றவர்கள் மோதி, விழுந்து, மண்ணோடு எழுந்திருக்கும்போது கிக்கர் ஓரத்தில் ஒரு வலைக்குள் பந்தை உதைத்துப் பழகிக்கொண்டிருப்பார். ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்ததே கால்தான். ஆனால் அந்தக் காலை நம்பியவன் சொந்த அணியிலேயே விருந்தாளி. சாம்பாரில் கறிவேப்பிலைக்கு என்ன மரியாதையோ, அதே மரியாதை.

இப்போது 2019 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு வாருங்கள். மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் சோல்ஜர் ஃபீல்டு மைதானம். உள்ளூர் அணி சிகாகோ பேர்ஸ். அந்த சீசனில் 16 ஆட்டங்களில் 12 வெற்றி. 2010க்குப் பிறகு முதல் தடவையாகத் தங்கள் பிரிவில் முதலிடம். எதிரே ஃபிலடெல்பியா ஈகிள்ஸ். தோற்றால் வெளியே போகவேண்டிய நாக்-அவுட் ஆட்டம். 56 விநாடி மிச்சமிருக்கும்போது, கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில், ஈகிள்ஸ் ஒரு டச் டவுன் போட்டுவிட்டது. ஈகிள்ஸ் 16, பேர்ஸ் 15. சிகாகோக்காரர்கள் பந்தை வேகமாக முன்னே கொண்டுவந்தார்கள். 10 விநாடி மிச்சம். கோடி பார்க்கி என்ற கிக்கர் உள்ளே வந்தார். தூரம் 43 யார்டு. கிரிக்கெட் பிட்ச் 22 யார்டு. இரண்டு பிட்சை நீளவாக்கில் போட்டு ஒரு யார்டைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பார்க்கி உதைத்தார். பந்து நடுவே போனது. பேரன் சோபாவில் ஏறிக் குதித்தான். ஆனால் அந்த உதை செல்லாது! பந்து கிளம்புவதற்கு ஒரு நொடி முன்னால் எதிரணிப் பயிற்சியாளர் டைம்-அவுட், அதாவது ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் இடைவேளை, கேட்டிருந்தார். இது ஒரு பழைய தந்திரம். அங்கே இதைக் கிக்கருக்கு ஐஸ் வைப்பது என்கிறார்கள். நம்மூரில் ஐஸ் வைப்பது என்றால் காரியம் ஆகப் புகழ்வது. அங்கே ஐஸ் வைப்பது என்றால், ஆளைக் காக்கவைத்து, யோசிக்கவைத்து, உள்ளுக்குள் குளிர் நடுக்கம் வரவைப்பது.

மறுபடி உதைத்தார். பந்து இடது கம்பத்தில் பட்டது. அங்கிருந்து விழுந்து குறுக்குக் கம்பியில் பட்டது. குறுக்குக் கம்பியிலிருந்து வெளிப்பக்கம் விழுந்தது. டங், டங் என்று இரண்டு சத்தம். அமெரிக்கா முழுக்க அந்த உதைக்கு 'டபுள் டோய்ங்க்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. மருமகள் வைத்த காபி என் கையிலேயே ஆறிப்போயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பேரன் கேட்டான்: "தாத்தா, இனிமே அவரைத் தூக்கிடுவாங்களா?"

தூக்கினார்கள். அந்த மார்ச்சில் பார்க்கி விடுவிக்கப்பட்டார். ஆனால் பேரனின் கேள்வி என்னை விடவில்லை. தணிக்கைக்காரனுக்கு ஒரு புத்தி உண்டு. கணக்கில் தப்பு தெரிகிற இடம் கடைசிக் கையெழுத்து. தப்பு நடந்த இடம் பல சமயம் மூன்று கையெழுத்துக்கு முன்னால். அந்தப் புத்தியோடு நான் பின்னோக்கிப் போனேன்.

முதலில் அந்த உதையையே பார்ப்போம். கம்பத்தில் படுவதற்கு முன்னால் அது ஈகிள்ஸ் ஆட்டக்காரர் ட்ரேவான் ஹெஸ்டரின் விரலில் உரசியிருந்தது. ஆட்டத்தை நடத்தும் லீக்கே மறுநாள் தன் பதிவேட்டைத் திருத்தி, அதை 'தடுக்கப்பட்ட உதை' என்று எழுதிக்கொண்டது. ஆக, ஊர் முழுக்கத் 'தவறவிட்டான்' என்று சொல்கிற உதை, பதிவேட்டில் தவறவிட்டதாகவே இல்லை! அடுத்தது, அன்றைக்கு சிகாகோ எடுத்த 15 புள்ளிகள். அவற்றில் 9 பார்க்கி ஏற்கெனவே உதைத்த மூன்று ஃபீல்டு கோல்கள். மற்ற அத்தனை பேரும் சேர்ந்து எடுத்தது 6. கடைசி நிமிடத்தில் டச் டவுனை விட்டது, அந்த சீசனில் மிகக் குறைந்த புள்ளிகளைக் கொடுத்த அணி என்று பெயரெடுத்த அதே தடுப்பு ஆட்டம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

பார்க்கிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த சீசனில் அவர் 30 முயற்சிகளில் 23தான் போட்டார். நவம்பரில் டெட்ராய்ட்டுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் மட்டும் நான்கு தடவை கம்பத்தில் அடித்தார். பிறகு ஏரிக்காற்றுக்குப் பழகுவதற்காகக் காலி மைதானத்தில் தனியாகப் பயிற்சி எடுக்கப் போனார். அதைப் படம்பிடிக்கத் தொலைக்காட்சி ஹெலிகாப்டர்கள் மேலே வட்டமிட்டன. ஒரு மனிதன் தன் பிழையைத் திருத்திக்கொள்ளப் போனால், தலைக்கு மேலே ஹெலிகாப்டர்! இந்த நிலையில் கால் நடுங்காமல் வேறு என்ன செய்யும்?

இங்கே ஒரு சின்னக் கணக்கு. இந்த லீக்கில் கிக்கர்களின் சராசரி, சமீப ஆண்டுகளில் நூற்றுக்கு 85 பக்கம். ஒருவருக்கு ஒரு சீசனில் சுமார் 30 வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி ஆள் 25 அல்லது 26 போடுவார். பார்க்கி போட்டது 23. மரியாதையோடு வேலையில் இருப்பவனுக்கும் வேலையிழந்தவனுக்கும் நடுவே இருப்பது அதிகம் போனால் மூன்று உதை. நான்கு மாத சீசனில் மூன்று உதை, மாதத்துக்கு ஒன்றுகூட ஆகவில்லை. நான் தணிக்கை செய்த எந்த அலுவலகத்திலும், இவ்வளவு சின்னக் கணக்கை வைத்து யாரையும் எடைபோட்டதில்லை.

சரி, பார்க்கி ஏன் சிகாகோவுக்கு வந்தார்? அங்கேதான் மூன்றாவது கையெழுத்து இருக்கிறது.

2005 முதல் பதினொரு சீசன் சிகாகோவின் கிக்கராக இருந்தவர் ராபி கோல்ட். காதில் விழும்போது தங்கம் என்றே விழும் பெயர். 1,207 புள்ளிகள் எடுத்து, அந்த அணியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். 2015 டிசம்பரில் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில், முக்கியமான நேரத்தில் அவர் உதைத்தது வெளியே போனது. இரண்டிலும் அணி தோற்றது. அந்த சீசன் முழுக்கப் பார்த்தால் 39க்கு 33, அதே 85 பக்கம்தான். ஆனால் மனதில் நின்றது அந்த இரண்டு. 2016 செப்டம்பரில், சீசன் தொடங்கும் நேரத்தில், அவரை விடுவித்தார்கள்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். கோல்ட் இடத்துக்குக் கானர் பார்த் வந்தார். 2017 நவம்பரில் டெட்ராய்ட்டுக்கு எதிராக, ஆட்டத்தைச் சமன் செய்யவேண்டிய 46 யார்டு உதையை அவர் விட்டார். மறுநாள் வெளியே. கைரோ சான்டோஸ் வந்தார். இரண்டே ஆட்டத்தில் இடுப்புப் பக்கம் தசைக் காயம். மைக் நியூஜென்ட் வந்து சீசனை முடித்தார். அதன் பிறகுதான் பார்க்கி. நான்கு ஆண்டுக்கு 1.5 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 90 லட்சம் உறுதிப்பணம். கோல்ட் என்ன ஆனார்? சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். 2017 டிசம்பர் 3 அன்று அதே சோல்ஜர் ஃபீல்டுக்குத் திரும்பி வந்து ஐந்து ஃபீல்டு கோல் அடித்தார். சான் பிரான்சிஸ்கோ 15, சிகாகோ 14. அந்த 15ம் அவருடையதே! பார்க்கி 30க்கு 23 போட்ட அதே 2018 சீசனில், கோல்ட் 34க்கு 33 போட்டார். தன் ஆட்டவாழ்வு முழுக்க நாக்-அவுட் ஆட்டங்களில் அவர் முயன்ற ஃபீல்டு கோல் 29. போட்டதும் 29.

தூக்கி எறிந்த பண்டம் பக்கத்து வீட்டில் ஜொலித்தது. நம் வீட்டில் மூன்று வருடம் அதே இடத்தில் ஒழுகிக்கொண்டே இருந்தது.

ஏன் இவ்வளவு சுலபமாக மாற்றுகிறார்கள்? கிக்கர் தனி ஆள் என்று தோன்றுவதால்தான். பந்தை எறியும் முதன்மை ஆட்டக்காரரை மாற்றினால், அணியின் திட்டம் முழுவதையும் மாற்றவேண்டும். கிக்கரை மாற்றினால் யாருக்கும் எந்தப் பாடத்தையும் மறுபடி சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோல்வி. செவ்வாய்க்கிழமை, வேலையில்லாத நாலைந்து கிக்கர்கள் ஆளுக்கு ஒரு பையோடு விமானத்தில் வந்து இறங்குவார்கள். ஆளில்லாத மைதானத்தில் வரிசையாக உதைத்துக் காட்டுவார்கள். ஒருவர் கையெழுத்துப் போடுவார். மற்றவர்கள் அதே பையோடு விமான நிலையத்துக்குத் திரும்புவார்கள்.

ஆனால் கிக்கர் தனி ஆள் இல்லை. உதை என்பது மூன்று பேரின் வேலை. ஒருவர் குனிந்து நின்று, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் ஏழெட்டு யார்டு அனுப்புகிறார். இன்னொருவர் மண்டியிட்டு அதைப் பிடித்து, தையல் பக்கம் கிக்கரின் காலுக்கு எதிரே வராதபடி சுழற்றி, கிக்கர் விரும்பும் சாய்வில் நுனியை விரலால் அழுத்தி நிறுத்துகிறார். மூன்றாமவர் ஓடிவந்து உதைக்கிறார். முதல் அசைவிலிருந்து உதை வரை சுமார் 1.3 விநாடி. நான் இப்போது "ஒன்று, இரண்டு" என்று எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆளை மாற்றும்போது, நாள்கணக்கில் பழகிய இந்த 1.3 விநாடியையும் சேர்த்துத்தான் மாற்றுகிறோம்.

2019இல் சிகாகோ இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கையாண்டது. பயிற்சியாளர் மேட் நேகி, மே மாத முகாமுக்கு எட்டு கிக்கர்களை வரவழைத்தார். முகாமில் இருந்தவர்களைச் சுற்றி நிறுத்தி, சத்தமே இல்லாமல் நிற்கச் சொல்லி, ஒவ்வொருவரையும் உதைக்கச் சொன்னார். எத்தனை யார்டு தெரியுமா? 43. புண் இருந்த இடத்திலேயே விரலை வைத்துப் பார்ப்பது போல! கடைசியில் நிலைத்தவர், அந்த எட்டுப் பேரில் இல்லாமல் பிறகு வந்து சேர்ந்த எடி பின்யேரோ. செப்டம்பரில் டென்வரில் கடைசி நொடியில் 53 யார்டிலிருந்து அடித்து ஜெயிக்கவைத்தார். ஊர் கொண்டாடியது. அக்டோபர் கடைசியில், லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் அணிக்கு எதிராகக் கடைசி நொடியில் 41 யார்டு உதையை விட்டார். 17க்கு 16 என்று தோல்வி. அன்றைக்கும் பின்னோக்கிப் பாருங்கள். 43 விநாடி மிச்சமிருந்தது. ஒரு டைம்-அவுட் கையில் இருந்தது. இன்னும் சில யார்டு முன்னேறி உதையைச் சுலபமாக்கியிருக்கலாம். பந்தோடு மண்டியிட்டு நேரத்தைக் கடத்திவிட்டு, கிக்கரைக் கூப்பிட்டார்கள். முடிவு எடுத்தவர் ஒருவர். கம்பத்துக்கு முன்னால் நின்றவர் வேறொருவர்.

சிகாகோ மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். மினசோட்டா வைக்கிங்ஸ் 2018இல் டேனியல் கார்ல்சன் என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. அவருடைய இரண்டாவது ஆட்டத்தில் மூன்று உதை தவறியது, ஆட்டம் 29க்கு 29 என்று சமனில் முடிந்தது. மறுநாளே அவரை நீக்கிவிட்டார்கள். அடுத்த மாதம் ஓக்லண்ட் ரைடர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. மிச்ச சீசனில் 17க்கு 16 போட்டார். 2021இல் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட இருவரில் அவர் ஒருவர். இரண்டே ஆட்டம் பார்த்துவிட்டு விட்ட ஆள்!

பஃபலோ அணியின் ஸ்காட் நார்வுட் கதை இன்னும் பழையது. 1991 ஜனவரி 27, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல். 8 விநாடி மிச்சம், 47 யார்டு. பந்து வலப்பக்கம் வெளியே போனது. ஒரே புள்ளியில் தோல்வி. மறுநாள் பஃபலோவில் அணியை வரவேற்கத் திரண்ட ஆயிரக்கணக்கான பேர், நார்வுட் முன்னால் வந்து நிற்கவேண்டும் என்று அவர் பெயரைச் சொல்லிக் கோஷமிட்டார்கள். அடிக்க இல்லை, ஆறுதல் சொல்ல. அப்படியும் ஊர்கள் இருக்கின்றன. ஆனால் அணி ஒரு சீசன் பொறுத்து அவரை விடுவித்து வேறு கிக்கரைக் கொண்டுவந்தது. அதன் பிறகு பஃபலோ இரண்டு சூப்பர் பவுல் போனது. ஒன்றில் 52க்கு 17, இன்னொன்றில் 30க்கு 13 என்று தோற்றது. இந்த வித்தியாசத்தை எந்தக் கிக்கரின் காலும் நிரப்பாது.

இனி, என்னை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்த பக்கம். 2019 அக்டோபர் 6. டென்னசி டைட்டன்ஸ் அணியில் கைரோ சான்டோஸ் கிக்கர். பிரேசிலில் பிறந்து இந்த லீக்கில் ஆடிய முதல் ஆள். சிகாகோவில் காயம்பட்டுப் போனாரே, அவரேதான். அன்றைக்கு நான்கு ஃபீல்டு கோல் முயன்றார். நான்கும் போச்சு. மறுநாள் வேலை போச்சு. அவர் இடத்துக்கு டென்னசி யாரைக் கூப்பிட்டது தெரியுமா? கோடி பார்க்கியை! அடுத்த ஆண்டு சிகாகோவில் பின்யேரோவுக்குக் காயம். சிகாகோ யாரை எடுத்தது? டென்னசி துரத்திய சான்டோஸை. அந்த 2020 சீசனில் சான்டோஸ் 32க்கு 30 போட்டார். தொடர்ச்சியாக 27 ஃபீல்டு கோல். அடுத்த சீசனில் அந்தத் தொடர் 40 வரை போனது. சிகாகோ அணியின் சாதனை அது. பார்க்கி? அதே 2020இல் கிளீவ்லேண்டுக்கு உதைத்தார். 22க்கு 19. பல ஆண்டுகள் நாக்-அவுட் பக்கமே போகாத அந்த அணி, அந்த ஆண்டு போனது.

ஒருவர் குப்பை என்று போட்டதை மற்றவர் மருந்து என்று எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் ஆட்கள் அதே ஆட்கள்தான்.

ஆளை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சான்டோஸை எடுத்ததும் ஒரு மாற்றம்தானே? அது பலித்தது. காயம்பட்ட கால், நம்பிக்கை உடைந்த மனம், இவற்றை வைத்துக்கொண்டு ஓர் அணி ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க முடியாது. என் தீர்ப்பு இதுதான்: வாரக் கோபத்தில் செய்த மாற்றம் பெரும்பாலும் விலை கேட்டது. கணக்குப் பார்த்துச் செய்த மாற்றம் நின்றது. மாற்றுவதற்கு முன் இரண்டு கேள்வி போதும். தப்பு இந்தக் காலில்தான் இருக்கிறதா? வருகிற கால், போகிற காலைவிட நல்லதுதானா? 2016 செப்டம்பரில் சிகாகோ இரண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தால், 2019 ஜனவரியில் என் காபி ஆறியிருக்காது.

நேரம் ஆகிவிட்டது, கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன்.

அந்தத் தோல்வி நடந்த அடுத்த சனிக்கிழமை, சிகாகோவின் பீர் நிறுவனம் ஒன்று ஒரு போட்டி வைத்தது. "பார்க்கியைத் திட்டுகிறவர்கள் வாருங்கள். அதே 43 யார்டு. நீங்கள் உதையுங்கள், பரிசு தருகிறோம்" என்று அழைப்பு. தெருவில் கம்பம் நட்டார்கள். எதிரே பாய்ந்து வரும் ஆள் கிடையாது. டைம்-அவுட் கிடையாது. அறுபதாயிரம் பேரின் கூச்சல் கிடையாது. பனி மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. நானும் பேரனும் வீட்டுக்குள் உட்கார்ந்து டிவியில் பார்த்தோம்.

நூறு பேருக்கு மேல் உதைத்தார்கள். ஒருவர்கூடப் போடவில்லை.